இடைவெளியில் சிக்கிய ஏழரை லட்சம் கையொப்பங்கள்

சொற்களுக்கிடையே இடம் விடவில்லை என்று ஒரு மனுவைத் தள்ளிவிடலாமா? அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யத்தில் இந்த விவகாரம் நடந்தது.

தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருச்சிதைவு செய்தால் டாக்டருக்குச் சிறை என்பது அங்கே 1931-ம் வருஷச் சட்டம். 1973-ல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் தூங்கிக் கிடந்தது. அந்தத் தீர்ப்பே ஆட்டங்கண்டதும், உரிமையை ராஜ்ய அரசியல் சட்டத்தில் எழுதிவிடக் கோரி, 2022 ஆரம்பத்திலிருந்து தொண்டர்கள் கையொப்பம் திரட்டினார்கள். ஜூனில் தீர்ப்பு ரத்தாயிற்று. தேவையான கையொப்பம் 4,25,059. ஜூலையில் அவர்கள் கொடுத்ததோ ஏழரை லட்சத்துக்கு மேல்!

மனுவில் சொற்கள் ஒட்டிக்கொண்டிருப்பதாக எதிர்த்தரப்பார் ஆட்சேபித்தார்கள். நால்வர் கொண்ட தேர்தல் போர்டு இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து முடங்கியது. அச்சுக்கோப்பவருக்கு இத்தனை மகிமையா! ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, மக்கள் வோட்டுக்கு விடச் சொல்லிற்று. நவம்பரில் நூற்றுக்குச் சுமார் 57 பேர் ஆதரித்தார்கள். 2023 ஏப்ரலில், பழைய சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவில் கவர்னர் கிரெட்சன் விட்மர் கையொப்பமிட்டார்.