'முடிவெடுக்கும் நரம்பணு': ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

1. சிக்கல்

புலனுணர்வின்வழி முடிவெடுத்தலை ஆராயும் நரம்பியல் எழுத்துகளில், 'முடிவு', 'நரம்பணு' என்னும் பொருளுடைய இரு ஆங்கிலப் பெயர்கள் இணைந்து ஒரு தொகையாக வழங்குகின்றன. இரண்டிற்கும் இடையிலுள்ள உறவை அத்தொகை வெளிப்படுத்துவதில்லை. தமிழில் அதனை 'முடிவெடுக்கும் நரம்பணு' எனப் பெயரெச்சத்தால் விரித்தால், நரம்பணுவே வினைமுதல் ஆகிவிடுகிறது. இது பொருந்துமா என்பதைச் சோதனைகளைக் கொண்டே துணிதல் வேண்டும்.

2. சோதனைகள்

அமெரிக்காவில் வில்லியம் நியூசோம் குழுவினர் வகுத்த சோதனையில், திரையில் தோன்றும் புள்ளிகளுள் ஒரு பகுதி மட்டும் ஒரே திசையில் நகரும். ஏனையவை ஒழுங்கின்றி அசையும். அத்திசை யாது என்பதைக் குரங்கு தன் பார்வையைத் திருப்பிக் காட்டும்.

1990இல் சால்ஸ்மன், பிரிட்டன், நியூசோம் ஆகியோர், இயக்கத்தை உணரும் எம்.டி. என்னும் மூளைப் பகுதியில் மென்மையான மின்தூண்டல் அளித்தனர். தூண்டப்பட்ட நரம்பணுக்கள் எத்திசைக்குரியனவோ அத்திசை நோக்கிக் குரங்கின் விடைகள் சாய்ந்தன.

பார்வையைத் திருப்புதலோடு தொடர்புடைய எல்.ஐ.பி. என்னும் பகுதியிலோ, நரம்பணுக்களின் துடிப்பு படிப்படியாக உயர்ந்தது. திசை தெளிவாக இருப்பின் விரைந்தும், இல்லையெனில் மெதுவாகவும் அது ஏறியது. அத்துடிப்பு ஏறத்தாழ ஒரே அளவை எட்டியதும் கண் திரும்பியது என்பதை 2002இல் ரோய்ட்மன், ஷாட்லன் ஆகியோர் காட்டினர். சான்றுகள் திரண்டு முடிவாகும் இடம் இதுவே எனப் பலரும் கருதினர்.

2016இல் கட்ஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. எம்.டி. பகுதியை மருந்தால் செயலிழக்கச் செய்தபோது விடைகள் பெரிதும் பிழைபட்டன, எல்.ஐ.பி. பகுதி செயலிழந்தபோது அவை பிழைபடவில்லை. எல்.ஐ.பி. செயலிழப்பால் பாதிப்பு உண்டாயினும் அது ஈடுசெய்யப்பட்டுவிடுகிறது என 2022இல் யூரிசன் முதலியோர் கண்டனர். ஆகவே அப்பகுதியின் பங்கு இன்னும் ஆராய்ச்சிக்குரியதே.

3. முடிவுரை

எல்.ஐ.பி. நரம்பணுவை 'முடிவெடுக்கும்' என்பது, சான்று நிறுவாத ஒன்றை இலக்கணத்தால் நிறுவுவதாகும். 'முடிவு நரம்பணு' எனத் தொகையாகவே விடுவதும் ஏற்புடையதன்று. 'முடிவு' என்பது இறுதியையும் குறிக்குமாதலால், நரம்பின் முனை என மயங்க இடமுண்டு. 'முடிவோடு இயைந்த நரம்பணு' என்னும் ஆக்கம் அறியப்பட்ட அளவில் நிற்கிறது. எம்.டி. நரம்பணுவை 'முடிவுக்குச் சான்று தரும் நரம்பணு' எனலாம். அங்குப் பெயரெச்சத்திற்குச் சோதனையின் துணை உண்டு.