முகத்துக்கு எண்ணெயா, சீரமா?

மருந்துக் கடைகளில் முகத்துக்கென்று இன்று விற்பனையாகும் சிறு புட்டிகளைக் கவனித்தால், அவற்றில் பல இரண்டு வகையில் அடங்கிவிடுவதைக் காணலாம்: ஒன்று ஆர்கன், ஹொஹோபா, பாதாம், ஆலிவ் என்று வித்தும் கனியும் தரும் எண்ணெய்கள், மற்றொன்று வைட்டமின் சி, வைட்டமின் இ முதலிய ஆன்டிஆக்சிடன்ட்களை, அதாவது பிராணவாயுவின் சேர்க்கையால் விளையும் கேட்டைத் தடுக்கும் பொருள்களைக் கொண்ட சீரங்கள். இரண்டுமே சருமத்தைக் காப்பவை என்று விளம்பரங்கள் கூறுவதால், இவற்றில் எது சிரேஷ்டமானது என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் இவை புரியும் காரியங்கள் வெவ்வேறானவை என்பதை உணர்ந்தவர்களுக்கு அக்கேள்வியே அவசியமற்றதாகிவிடும்.

சருமத்தின் மேற்படலம், உயிரற்ற செல்களைச் செங்கற்களாகவும், செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றைக் காரையாகவும் கொண்டு எழுப்பிய சுவரை ஒத்தது. காரை குறைந்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, தோல் வறண்டு அரிக்கத் தொடங்குகிறது. அந்த ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதே எண்ணெயின் பிரதானமான தொழில். ஆனால் எல்லா எண்ணெய்களுக்கும் சுபாவம் ஒன்றல்ல. சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்துள்ள லினோலிக் அமிலம், செராமைடுகளின் நிர்மாணத்துக்கு வேண்டிய மூலப்பொருள்; ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலமோ அந்தக் காரையின் ஒழுங்கைக் குலைக்கவல்லது. இவ்விரு எண்ணெய்களையும் முன்கைகளில் சில வாரங்கள் தடவிப் பார்த்து, 2013-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவில், ஆலிவ் எண்ணெய் பட்ட இடத்தில் சருமத்தின் காப்புத்திறன் தளர்ந்ததும், சூரியகாந்தி எண்ணெய் பட்ட இடத்தில் அது கெடாமல் நின்றதும் புலனாயின. ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலமாகவே அமைந்த தேங்காய் எண்ணெய், வறண்ட கைகால்களுக்கு இதமளிப்பதாயினும், பரு வரும் முகத்தில் துவாரங்களை அடைத்துவிடக் கூடும்.

ஆன்டிஆக்சிடன்ட்களின் தொழில் வேறு. வெயிலின் புறஊதாக் கதிர்கள் தோலில் படும்போது, தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் அணுத்தொகுதிகள் தோன்றி, தோலுக்கு உறுதியளிக்கும் கொலாஜன் புரதத்தைச் சிதைப்பதால், சுருக்கங்கள் உண்டாகின்றன. நீரில் கரையும் வைட்டமின் சி-யும் எண்ணெயில் கரையும் வைட்டமின் இ-யும் அந்த அணுத்தொகுதிகளைச் சாந்தப்படுத்துவதோடு, உழைத்துக் களைத்த இ-யை மீண்டும் செயல்படும் நிலைக்கு சி கொண்டுவருகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழுவினர், 15 சதவிகிதம் வைட்டமின் சி-யும் 1 சதவிகிதம் வைட்டமின் இ-யும் சேர்ந்த கரைசலில் அரைச் சதவிகிதம் ஃபெரூலிக் அமிலம் என்ற மற்றோர் ஆன்டிஆக்சிடன்ட்டைக் கலந்து பன்றித் தோலில் சோதித்தபோது, வெயிலிலிருந்து கிட்டிய பாதுகாப்பு 4 மடங்கிலிருந்து 8 மடங்காக உயர்ந்ததென்று 2005-இல் அறிவித்தனர்.

எண்ணெயிலும் வைட்டமின் இ உண்டே என்று கேட்கலாம். உண்டு; ஆனால் 100 கிராம் சூரியகாந்தி எண்ணெயில் இருப்பது சுமார் 50 மில்லிகிராம்; மேற்சொன்ன கரைசலிலோ அதே எடைக்கு 1 கிராம். அந்தச் சொற்ப அளவு, முதலில் எண்ணெயையே கெடாமல் காக்கச் செலவாகிறது. நல்லெண்ணெய் எளிதில் சிக்கு வாடை கொள்ளாமல் நெடுநாள் நிற்பதற்கு, எள்ளில் உள்ள செசாமால் போன்ற பொருள்களும் காரணமாகும்.

சீரமும் கெடும். வாங்கும்போது நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும் வைட்டமின் சி கரைசல், காற்றும் வெளிச்சமும் பட்டுச் செம்பழுப்பாக மாறினால், அதன் வீரியம் பெரிதும் போய்விட்டதென்றே கொள்ள வேண்டும். ஆகையால் நிறமேற்றிய, சிறிய புட்டியே உத்தமம். புட்டியின் பின்புறமுள்ள பொருள்பட்டியலையும் பார்க்க வேண்டும்: அதிகமானது முதலில், குறைவானது பின்னால் என்ற முறையில் அச்சிடப்படும் அப்பட்டியலில், பெயரளவில் கொண்டாடப்படும் ஆர்கன் எண்ணெய் வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் நின்றால், அது துளியளவே இருக்கிறதென்று பொருள்.

வறட்சியால் வருந்துவோர் லினோலிக் அமிலம் மிகுந்த எண்ணெயை இரவிலும், வெயிலில் உழல்வோர் வைட்டமின் சி சீரத்தைக் காலையிலும் உபயோகிக்கலாம். இரண்டும் வேண்டுவோர் சீரத்தை முதலிலும் எண்ணெயைப் பிறகும் தடவ வேண்டும். எதுவாயினும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்ப்பது விவேகம். இவை இரண்டில் எதுவும் சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது. கையில் இருக்கும் பணம் ஒரு புட்டிக்கு மட்டுமே போதுமானால், அதை சன்ஸ்கிரீனுக்கே செலவிடுங்கள்.