சாவியைத் திருப்பினால் ஒரு கதவு மட்டும்

பாளையங்கோட்டையில் கார் எலெக்ட்ரிக்கல் வேலைக்கு வந்து 26 வருடமாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்ததும் பழைய வண்டிகள் ஒரே புகாரோடு என் பட்டறைக்கு வரும்: சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை.

போன கார்த்திகையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் 2006 மாடல் வண்டியில் வந்தார். “தம்பி, சாவியைத் திருப்புனா என் கதவு மட்டும் திறக்குது. மத்த மூணும் அப்படியே கெடக்கு” என்றார். பின்சீட்டில் அவருடைய மனைவி. விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததால் கதவுக் குமிழைத் தூக்க அவரால் முடியவில்லை. போகிற இடத்திலெல்லாம் வாத்தியார் இறங்கி, பின்பக்கம் கையை நுழைத்துக் குமிழைத் தூக்கிவிட்டு, அப்புறம் சுற்றிவந்து கதவைத் திறக்க வேண்டும். வேறோர் இடத்தில் கேட்டதற்கு, முழு செட்டையும் மாற்றணும் என்று சொல்லிவிட்டார்களாம்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால், “ரிமோட் இருக்கா சார்?” என்று கேட்டேன். பேட்டரி தீர்ந்து இரண்டு வருடமாக அந்த அம்மாவின் கைப்பையில் கிடந்தது. புது பேட்டரி போட்டு அமுக்கினேன். நான்கு கதவும் ‘டக்’கென்று பூட்டின. மறுபடி அமுக்க, நான்கும் திறந்தன. பழுதில் முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மாதிரிப் பழைய அமைப்பில் ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. கடையில் லாக் மோட்டார் என்று கேட்டால் தருவார்கள். அது பல்சக்கரம் வழியாக ஒரு கம்பியைத் தள்ளும், இழுக்கும். ஓட்டுநர் கதவைத் தவிர மற்ற மூன்று கதவுகளுக்கும் இரண்டிரண்டு ஒயர்தான். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள கன்ட்ரோல் பாக்ஸ், ஒரு ஒயரில் 12 வோல்ட் கொடுத்தால் பூட்டும். மற்றதில் கொடுத்தால் திறக்கும். அதுவும் ஒரு நொடிக்குள் நின்றுவிடும். ஓட்டுநர் கதவில் மட்டும் ஐந்து ஒயர். இரண்டு மோட்டாருக்கு, மூன்று, உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சுக்கு. நாம் சாவியைத் திருப்பியதை அந்தச் சுவிட்சுதான் பாக்ஸுக்குச் சொல்கிறது. ரிமோட்டுக்கு நான்கு கதவும் கேட்கிறது என்றால் ஃபியூஸ் நல்லது, பாக்ஸ் நல்லது, நான்கு மோட்டாரும் நல்லது. சாவி சொல்வது மட்டும் போய்ச் சேரவில்லை. அப்படியானால் கோளாறு அந்தச் சுவிட்சில், அல்லது அதன் மூன்று ஒயர்களில்.

முதலில் ஒயரைத்தான் சந்தேகப்படுவேன். கதவுக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவே, கீல் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். கதவு திறக்கும்போதெல்லாம் அதற்குள் ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. நாளைக்குப் பத்து தடவை என்று வைத்தாலும் 15 வருடத்தில் 54,000 தடவைக்கு மேல். மேலுறை நன்றாகவே இருக்கும்; உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோயிருக்கும். ரப்பர் வெடித்திருந்தால் மழைத்தண்ணீரும் இறங்கி, செம்பு பச்சை பூத்துவிடும்.

வாத்தியாரை உள்ளே உட்காரவைத்து, குமிழை அமுக்கித் தூக்கிக்கொண்டே இருக்கச் சொன்னேன். நான் அவர் கதவை மெதுவாகத் திறந்துகொண்டு வந்தேன். பாதி திறந்த நிலையில் திடீரென்று மற்ற மூன்று கதவும் பூட்டின. இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தினேன், மறுபடி ஓய்ந்தன. “அங்கதான் இருக்கு சார்” என்றேன்.

ஒரே ஒரு கதவு மட்டும் அசையாமல் இருந்தால் விசாரணை வேறு. அந்தக் கதவின் மோட்டார் ஒயரில் டெஸ்ட் லைட்டை வைத்து, இன்னொருவரைப் பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். டிஜிட்டல் மீட்டர் வேண்டாம். கரன்ட் வந்துபோகும் அந்த அரை நொடியில் அதன் எண்கள் தடுமாறி ஏமாற்றிவிடும். விளக்கு மின்னினால் கரன்ட் வருகிறது. அப்போதும் மோட்டார்தான் குற்றவாளி என்று முடிவுகட்டாதீர்கள். கம்பியைக் கழற்றி, பூட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். தூசும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து இறுகியிருந்தால், புது மோட்டாரையும் அது சீக்கிரமே தீர்த்துவிடும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் எங்கோ உறை உரிந்த ஒயர் பாடியில் தொடுகிறது. அதைத் தேடாமல் பெரிய ஃபியூஸ் போடுவதும், வெறும் கம்பியைச் சுற்றி விடுவதும் வண்டிக்கே தீ வைக்கிற வேலை. கருகிய ஒயர்க் கட்டை நான் பார்த்திருக்கிறேன். கெஞ்சித்தான் கேட்கிறேன், செய்யாதீர்கள்.

வாத்தியாரின் மனைவி, “ரிமோட்தான் வேலை செய்யுதே தம்பி, அதோட விட்டுறலாமா?” என்று கேட்டார். அதே ரப்பருக்குள்தான் பவர் விண்டோ ஒயரும் போகிறது, தண்ணீர் இறங்கிய இடத்தை அப்படியே மூடிவிட எனக்கு மனசு வரவில்லை என்றேன்.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ரப்பரைப் பிதுக்கி வெளியே இழுத்தேன். சுவிட்சின் பொது ஒயர் சுத்தமாக அறுந்திருந்தது. பூட்டுவதற்கும் திறப்பதற்கும் அது ஒன்றுதான் எர்த்; அதனால்தான் இரண்டுமே இல்லாமல் போயின. பக்கத்து ஒயர் ஒன்றை லேசாக இழுத்தேன், உறை மட்டும் நீண்டது. அதுவும் நாளை போக வேண்டியதுதான்.

அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் ஆறு மாதம்கூடத் தாங்காது. ஒட்டு மடிப்பில் வரவே கூடாது. பச்சை பூத்த பகுதி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, நிறைய மெல்லிய இழைகள் உள்ள ஒயரை நீளமாகச் சேர்த்தேன். ஒரு ஒட்டு கதவுக்குள், இன்னொன்று டேஷ்போர்டு பக்கம். ரப்பருக்குள் முழு ஒயர் மட்டும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். வெடித்த ரப்பரையும் மாற்றினேன். கதவின் உள்பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஓரம் விடாமல் ஒட்டினேன். பலர் அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பதே அதுதான்.

மூன்று மணிநேர வேலை. ரிமோட் பேட்டரியைத் தவிர, புதிதாக வாங்கியது ஒயரும் ஸ்லீவும் ஒரு ரப்பரும்தான்.

அம்மாவைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். வாத்தியார் வெளியே நின்று சாவியைத் திருப்பினார். நான்கு குமிழும் ஒன்றாக இறங்கின. திரும்பத் திருப்பினார், ஏறின. அம்மா தானே கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தார். உடனே காலை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

“இன்னொரு தடவை போடுங்க” என்றார்.