உங்களுக்குத் தெரியுமா? கையில் கம்ப்யூட்டர், பையில் செல்போன், நடுவில் இன்டர்நெட்!

இன்று ஒரே போனில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆனால் கம்ப்யூட்டர் ஒரு பாக்கெட்டிலும் செல்போன் இன்னொரு பாக்கெட்டிலும் இருந்த காலம் ஒன்று உண்டு! இரண்டையும் பேசவைத்தால்தான் இன்டர்நெட் வரும். அந்தக் காலத்தைத் தோண்டித் துருவியதில் சிக்கியவை ஒவ்வொன்றும் முத்து. பிடியுங்கள்!

முதல் முத்தே பெரிய முத்து. 1999-இல் அமெரிக்காவில் ‘பாம் செவன்’ என்ற கையடக்கக் கணினி வந்தது. பக்கத்தில் மடங்கிக் கிடக்கும் ஆன்டெனாவைத் தூக்கினால் போதும், இன்டர்நெட் தயார்! மாதக் கட்டணம் 9.99 டாலர். அதற்குக் கிடைத்த டேட்டா எவ்வளவு தெரியுமா? 50 கிலோபைட். ஒரு நாளைக்கு இல்லை, ஒரு மாதத்துக்கு!

50-ஐத் தாண்டினால்? ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் 30 சென்ட் தனி. இன்றைய போனில் சாதாரணமாக எடுக்கும் ஒரு போட்டோ 3 எம்பி இருக்கும். அன்றைய கட்டணத்தில் கணக்குப் போட்டேன். ஒரே ஒரு போட்டோவுக்கு ஏறக்குறைய 900 டாலர்! அந்தக் கருவியின் விலையே 599 டாலர்தான்!

அதனால்தான் பலர் வேறு வழி பிடித்தார்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் செல்போனையே மோடமாக்கிவிட்டார்கள்! கையடக்கக் கணினியில் இன்டர்நெட் தேவையா? போனைக் கூப்பிடு. போன் இன்டர்நெட்டைக் கூப்பிடும்!

எப்படிக் கூப்பிட்டார்கள்? ஒயர் கிடையாது, புளூடூத் கிடையாது. வெளிச்சம்! ஆம், டிவி ரிமோட்டில் இருக்கும் அதே கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம்!

காட்சியைப் பாருங்கள். மேஜைமேல் கணினி ஒன்று, நோக்கியா 6210 ஒன்று. இரண்டின் உச்சியிலும் நகக்கண் அளவுக்குக் கருஞ்சிவப்பு ஜன்னல். அந்த இரண்டு ஜன்னலும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். போன் மெனுவில் இன்ஃப்ராரெட்டைத் தட்டினால் திரையில் ஒரு சின்னக் குறி வரும். அசையாமல் நின்றால் இணைப்பு உண்டு. மினுக் மினுக் என்று மின்னினால் போச்சு! நடுவே யாராவது காபி டம்ளரை வைத்தாலும் போச்சு! ரயிலில் உட்கார்ந்து செய்தால், வண்டி குலுங்கிப் போன் கொஞ்சம் திரும்பினாலும் போச்சு!

கொஞ்சம் என்றால் எவ்வளவு? இன்ஃப்ராரெட் இணைப்பின் விதி கேட்பது 15 டிகிரிதான். தூரம் 1 மீட்டர். அதற்குள் இருந்தால்தான் பேச்சு!

இனி வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்பு. அந்த மேஜைமேல் இருந்த சாண் அகல இடைவெளியை டேட்டா கடந்த வேகம் விநாடிக்கு 1,15,200 பிட். போனிலிருந்து சாதாரண டேட்டா அழைப்பில் டவர் வழியாக வெளியே போன வேகமோ 9,600 பிட். காற்றில் பறந்த வெளிச்சம் செல்போன் நெட்வொர்க்கைவிடச் சரியாக 12 மடங்கு வேகம்!

9,600 பிட் என்றால் எப்படி இருக்கும்? அதே 3 எம்பி போட்டோ வந்து சேர 2,500 விநாடி. அதாவது 41 நிமிஷம் 40 விநாடி! அத்தனை நேரமும் போன் ‘காலில்’ இருக்கும். நிமிஷக் கணக்கில் பில் ஏறும். வேறு யாரும் உங்களைக் கூப்பிட முடியாது!

செல்போனையே மோடமாக்கினார்கள் என்றேனே, ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அந்தக் கால ஜிஎஸ்எம் வகைப் போன் மோடமே இல்லை! பழைய டயல்-அப்பில் ‘கீ... கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் போடும் நிஜ மோடம் செல்போன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தது! உங்கள் போன் வெறும் எண்களை அனுப்பும். எக்ஸ்சேஞ்சில் இருந்த மோடம் உங்களுக்குப் பதிலாகக் கத்தும்!

இன்னொன்று. 2ஜி போனில் ஓர் அலைவரிசையை எட்டுப் போன்கள் பங்குபோட்டுக் கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் முறை வைத்துக் கிடைக்கும் நேரம் 0.577 மில்லி விநாடி. ஒரு விநாடியை ஆயிரமாக நறுக்கி, அதில் ஒரு துண்டிலும் பாதிக்குக் கொஞ்சம் மேல்! அந்தத் துணுக்கு நேரத்துக்குள்தான் உங்கள் மெயில் வழுக்கிக்கொண்டு போனது!

பிறகு வந்தது ஜிபிஆர்எஸ். நிமிஷக் கணக்கு ஒழிந்து கிலோபைட் கணக்கு பிறந்தது. டயல் செய்ய வேண்டிய நம்பர் என்ன? வெறும் *99#! உலகத்தில் எந்த ஜிஎஸ்எம் போனை மோடமாக்கினாலும் பெரும்பாலும் அதே நம்பர்தான்! சிடிஎம்ஏ என்ற இன்னொரு வகைப் போன் என்றால் #777. நம் ஊரில் ரிலையன்ஸ் போனைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் செருகியவர்களுக்கு இந்த மூன்று ஏழு இன்னும் மறந்திருக்காது!

கணினி போனோடு எந்த மொழியில் பேசியது? 1981-இல் அமெரிக்காவின் ஹேஸ் கம்பெனி ஒரு மோடத்துக்காக உருவாக்கிய மொழியில்! அந்த மோடத்தின் வேகம் விநாடிக்கு 300 பிட். ‘ஏ’, ‘டி’ என்று இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டினால் ‘ஓகே’ என்று பதில் வரும். அவ்வளவுதான் கைகுலுக்கல்! ஹேஸ் கம்பெனி 1999-இல் மூடப்பட்டது. ஆனால் அந்த இரண்டெழுத்தைக் கேட்டால் இன்றைய 4ஜி மோடமும் ‘ஓகே’ சொல்கிறது! கம்பெனி போனாலும் மொழி சாகவில்லை. இது பிரமாதம் இல்லையென்றால் வேறு எது பிரமாதம்?

இந்தியாவுக்கு வருவோம். நம் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31. கொல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த அன்றைய மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததோ 1995 ஆகஸ்ட் 15. இரண்டுக்கும் நடுவே வெறும் 15 நாள்! செல்போனும் இன்டர்நெட்டும் இந்தியாவில் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள்!

அதே காலத்தில் வெளிநாட்டில் ஒரு விசித்திரம் விற்பனைக்கு வந்தது. எச்பி கம்பெனியின் ‘ஆம்னிகோ 700எல்எக்ஸ்’. சின்னக் கம்ப்யூட்டர்தான். ஆனால் அதன் மூடிமேல் ஒரு தொட்டில்! அதில் நோக்கியா 2110 செல்போனை அப்படியே படுக்கவைத்துச் செருகிவிடலாம். கம்ப்யூட்டரின் முதுகில் போன் சவாரி!

இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தவர்களும் உண்டு. 1994-இல் ஐபிஎம் ‘சைமன்’. தொடுதிரை, மெயில், ஃபேக்ஸ் எல்லாம் அதில் இருந்தது! பேசினால் பேட்டரி தாங்கியது சுமார் 1 மணி நேரம்! 1996-இல் நோக்கியா 9000 கம்யூனிகேட்டர். புத்தகம்போல் திறந்தால் உள்ளே கீபோர்டு. எடை 397 கிராம். இன்றைய போன் இரண்டை ஒன்றாகத் தூக்குவதற்குச் சமம்!

முதல் பாம் கணினியை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ன செய்தார் தெரியுமா? கணினி பிறப்பதற்கு முன்பே, சட்டைப்பையில் போகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து வைத்துக்கொண்டார். கூட ஒரு சாப்ஸ்டிக் குச்சி. மீட்டிங் நேரம் கேட்டால் கட்டையை எடுத்துக் குச்சியால் எழுதுவதுபோல் தட்டுவார்! அந்தக் கட்டை 1996-இல் நிஜக் கணினியாகி வந்தது. நினைவகம் 128 கிலோபைட்!

நம் பெங்களூரும் சளைத்ததில்லை! இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் ஒரு மென்பொருள் கம்பெனியின் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய கையடக்கக் கணினி ‘சிம்ப்யூட்டர்’. 2001-லேயே உலகம் திரும்பிப் பார்த்தது! லினக்ஸில் ஓடியது. இன்டர்நெட்டுக்கு டெலிபோன் மோடம், பக்கத்துக் கருவியோடு பேச இன்ஃப்ராரெட், இரண்டும் மூலத் திட்டத்திலேயே இருந்தன. ஸ்மார்ட் கார்டு செருக ஒரு துளையும் உண்டு. ஏன்? ஆளுக்கு ஒரு கார்டு வைத்துக்கொண்டால் ஒரே கணினியை ஒரு கிராமமே பகிர்ந்து கொள்ளலாம்!

2004 ஏப்ரலில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் ‘அமிதா சிம்ப்யூட்டர்’ கடைக்கு வந்தது. விலை சுமார் 10,000 ரூபாயில் ஆரம்பம். கையால் அசைத்தால் அதை உணரும் சென்சார் அதற்குள் இருந்தது! ஐபோன் வந்ததோ 2007-இல். மூன்று வருஷம் முந்திக்கொண்டது நம் பெங்களூர்! சத்தமாகச் சொல்லவேண்டிய சேதி இது.

இன்ஃப்ராரெட்டுக்கு விடுதலை கொடுத்தது புளூடூத். போன் பைக்குள்ளேயே இருக்கலாம், கணினி கையில் இருக்கலாம். நேருக்கு நேர் பார்க்கவே வேண்டாம்! அந்த ரேடியோ ஒரே அலைவரிசையில் நிற்பதில்லை. 79 அலைவரிசைகளுக்குள் தாவிக்கொண்டே இருக்கும். விநாடிக்கு எத்தனை தாவல்? 1,600!

இப்படித் தாவும் ரேடியோவுக்கு 1942-லேயே ஒரு பேட்டன்ட் உண்டு. வாங்கியவர்களில் ஒருவர் ஹாலிவுட் கதாநாயகி ஹெடி லமார்! கூட்டாளி ஓர் இசையமைப்பாளர். அவர்கள் திட்டத்தில் இருந்த அலைவரிசைகள் 88. பியானோவில் இருக்கும் கட்டைகளும் 88!

அன்றைய செல்போன் சக்கரவர்த்தி நோக்கியா 2005-இல் ஒரு கருவி வெளியிட்டது. பெயர் ‘770 இன்டர்நெட் டேப்லெட்’. 800க்கு 480 புள்ளி கொண்ட பளபள திரை. ஆனால் சிம் போடும் இடமே இல்லை! வைஃபை இல்லாத இடத்தில் புளூடூத் வழியாக உங்கள் செல்போனைத்தான் கேட்க வேண்டும். அந்த வரிசைக் கருவிக்குள் போன் குடியேற 2009 வரை ஆனது!

பாம் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. போனோடு புளூடூத்தில் கைகோத்து மெயிலும் இன்டர்நெட்டும் காட்டும் ‘ஃபோலியோ’ என்ற சின்ன மடிக் கம்ப்யூட்டரை 2007 மே 30-இல் அறிவித்தது. அறிவித்தவர் அதே மரக்கட்டை ஹாக்கின்ஸ்! நடுவில் ஜூன் 29-இல் ஐபோன் கடைக்கு வந்தது. செப்டம்பர் 4-இல் ஃபோலியோவே ரத்து! ஒன்றுகூட விற்பனைக்கு வராமல் 97 நாளில் ஓர் ஆயுள் முடிந்தது!

2011-இல் பிளாக்பெர்ரி ‘பிளேபுக்’ டேப்லெட் வந்தது. மெயிலுக்கே பேர்போன கம்பெனி. டேப்லெட்டிலோ மெயில் ஆப் இல்லை! பக்கத்தில் ஒரு பிளாக்பெர்ரி போனைப் புளூடூத்தில் இணைத்தால்தான் மெயில் தெரியும். அந்தக் குறை தீர மறு வருஷம் பிப்ரவரி ஆனது!

இன்று நாம் ஒரு தட்டலில் போடும் ஹாட்ஸ்பாட் எப்போது வந்தது? ஆண்ட்ராய்டில் 2010. ஐபோனில் வைஃபை ஹாட்ஸ்பாட் 2011. ஆனால் நோக்கியா சிம்பியன் போன்களில் ‘ஜோய்க்குஸ்பாட்’ என்ற ஃபின்லாந்து ஆப் 2008-லேயே இந்த வித்தையைக் காட்டிவிட்டது!

ஹாட்ஸ்பாட் போட்டால் செல்போன் கம்பெனிக்குத் தெரியுமா? தெரிந்துகொள்ள வழி இருக்கிறது! இன்டர்நெட்டில் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் ஆயுள் எண் உண்டு. பல போன்களில் அது 64-இல் கிளம்பும். ஹாட்ஸ்பாட் வழியாக வந்த பொட்டலத்துக்கு நடுவில் ஒரு படி கூடிவிடுவதால் 63! ஒரே ஓர் எண் குறைவு. பொட்டலம் வந்த வழி வெளிச்சமாகிவிடும்!

இப்படிப் போன் இன்டர்நெட்டை வேறு கருவிக்குக் கொடுப்பதற்கு ‘டெதரிங்’ என்று பெயர். இதற்குக் கூடுதல் பணம் வசூலித்த கம்பெனிகளும் உண்டு. அமெரிக்காவின் வெரைசன், டெதரிங் ஆப்களைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் செய்யும்படி கூகுளைக் கேட்டதாக விசாரணை நடந்தது. 2012-இல் அது கட்டச் சம்மதித்த தொகை 12.5 லட்சம் டாலர்!

கடைசி முத்து. இதைப் படித்துவிட்டு நீங்கள் சும்மா இருக்க முடியாது. ஐபோன் ஹாட்ஸ்பாட் ஒரு காலத்தில் தானாகவே ஒரு பாஸ்வேர்டு எழுதிக் கொடுக்கும். ஓர் ஆங்கிலச் சொல், பின்னால் நான்கு இலக்கம். 2013-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் குடைந்தார்கள். அந்தச் சொற்கள் வெறும் 1,842 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வந்தன என்று கண்டுபிடித்தார்கள்! நான்கு கிராபிக்ஸ் கார்டு பூட்டிய கம்ப்யூட்டரில் உடைக்க ஆன நேரம்? ஒரு நிமிஷம்கூட இல்லை!

ஆப்பிள் பிறகு அதை மாற்றிவிட்டது. உங்கள் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு இன்னும் 12345678-ஆகவே இருக்கிறதா? இப்போதே போனை எடுத்து மாற்றுங்கள். மாற்ற அரை நிமிஷம்கூட ஆகாது!