பழைய நெட்புக்கும் அதற்கென ஆக்கப்பட்ட லினக்ஸும்

தோட்டப்புற இல்லங்கள் சிலவற்றில், அலமாரியின் மேல்தட்டிலோ துணிப்பெட்டியின் அடியிலோ, பத்து அங்குலத் திரையுடைய சிறிய மடிக்கணினி ஒன்று இன்றும் கிடக்கக்கூடும். 'நெட்புக்' எனப்படும் இவ்வகைக் கணினிகள், 2007ஆம் ஆண்டில் தைவானின் அசுஸ் நிறுவனம் ஈ பிசியை வெளியிட்டதிலிருந்து உலகெங்கும் பரவின. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டை ஒட்டி, குறைந்த வருமானமுடைய குடும்பங்களின் மாணவர்களுக்கு 'ஒரே மலேசியா' நெட்புக் வழங்கப்பட்டதை வாசகர்கள் நினைவுகூர்வர்.

இவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 கொண்டு வந்தவை. முன்னதற்கு 2014 ஏப்ரலிலும் பின்னதற்கு 2020 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அந்நிலையில் உள்ள கணினியை இணையத்தில் இணைப்பது, வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போவதற்கு ஒப்பாகும். ஆயினும், பிள்ளையின் பாடவேலைக்குப் புதிய கணினி வாங்க இயலாத குடும்பம் பழையதைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸைக் கட்டணமின்றிப் பெற்று அதில் நிறுவலாம்.

இங்கே இளைஞர்கள் பலர் ஒரு கேள்வி எழுப்புவதுண்டு. எல்லாக் கணினிக்கும் பொதுவான லினக்ஸை விட, நெட்புக்கின் புராசசருக்கென்றே ஆக்கப்பட்ட லினக்ஸ் விரைவாக இயங்காதா என்பதே அது. கேள்வியில் நியாயம் உண்டு.

நெட்புக்குகள் பலவற்றின் உள்ளே இருப்பது, 2008ஆம் ஆண்டில் வெளிவந்த இண்டெல் நிறுவனத்தின் 'ஆட்டம்' என்னும் புராசசராகும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு அதன் அமைப்பு எளிமையாக்கப்பட்டது. தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். வாளிகளோடு தொழிலாளர் வரிசையில் நிற்கின்றனர். முன்னால் நிற்பவரின் வாளி இன்னும் வந்து சேரவில்லையெனில், பின்னால் ஆயத்தமாக நிற்பவரைக் கிராணி முதலில் அழைத்து நிறுத்துவிட்டால் நேரம் மிச்சமாகும். பெரிய புராசசர்கள் இவ்வாறே ஆயத்தமான கட்டளையை முன்னதாக முடித்துவிடும். முதல் தலைமுறை ஆட்டம் புராசசருக்கோ அந்த உரிமை இல்லை. வரிசை எப்படியோ அப்படியே அது செல்லும். முன்னவர் தாமதித்தால் பின்னவர் காத்திருக்கத்தான் வேண்டும். 2013ஆம் ஆண்டு வந்த தலைமுறையில்தான் இக்குறை நீங்கியது.

ஆகவே, வரிசையை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி அனுப்பினால் இப்புராசசர் பயன்பெறும். நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் என்னும் மென்பொருளே அவ்வொழுங்கைச் செய்ய வல்லது. ஜிசிசி என்னும் கம்பைலரில், 2010ஆம் ஆண்டின் 4.5ஆம் பதிப்பு முதல் ஆட்டம் புராசசருக்கென்றே ஒரு தெரிவு உண்டு. லினக்ஸின் உட்கருவாகிய கெர்னலை ஆக்கும்போதும் அப்புராசசரைக் குறிப்பிட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் கிடைக்கும் பயன் எவ்வளவு? கோப்புகளைச் சுருக்குதல், ஒலிப்பதிவை வேறு வடிவுக்கு மாற்றுதல் போன்ற, புராசசரையே முழுதும் நம்பிய வேலைகளில் சிறிது விரைவு தென்படலாம். அன்றாட வேலையில் அது பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாது. ஏனெனில் நெட்புக்கைத் தளரச் செய்வது ஒரு கிகாபைட் நினைவகமும் மெதுவான வன்தட்டுமே. இன்றைய இணையப் பக்கங்கள் நான்கைந்தைத் திறந்தாலே நினைவகம் நிரம்பிவிடும். பிறகு எந்தக் கம்பைலரும் உதவாது. மேலும், படக்காட்சிகளை இயக்கும் மென்பொருள்கள் பலவும், தாம் எந்தப் புராசசரில் இருக்கிறோம் என்பதைத் தாமே கண்டறிந்து அதற்கேற்ற கட்டளைகளைப் பயன்படுத்துகின்றன. கெர்னலை மட்டும் மாற்றுவதால் அவற்றுக்கு அதிகப் பயன் விளைவதில்லை.

தனித்து ஆக்கப்பட்டவற்றுக்கு வேறொரு குறையும் உண்டு. இண்டெல் நிறுவனமே ஆட்டம் புராசசருக்கென 'மோப்ளின்' என்னும் லினக்ஸை வளர்த்தது. 2010 பிப்ரவரியில் அது நோக்கியாவின் மேமோவுடன் இணைந்து 'மீகோ' ஆயிற்று. அடுத்த ஆண்டே அம்முயற்சியும் கைவிடப்பட்டது. அதை நம்பி நிறுவியவர்கள் திருத்தம் கிடைக்காமல் நின்றனர். மீகோவைப் பழைய செலரான் புராசசர் கொண்ட முதல் ஈ பிசியில் இட்டால் இயங்கவும் இயங்காது. அதற்குத் தேவையான கட்டளைத் தொகுதி அப்புராசசரில் இல்லை. பொதுவான லினக்ஸ் சற்று மந்தமெனினும், அதைப் பேணுவோர் பலர். குடும்பத்தார் பயன்படுத்தும் கணினிக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஆய்ந்து பார்க்கும் ஆர்வமுடைய இளைஞரை நான் தடுக்கமாட்டேன்.

ஆய்வோர் முதலில் அறிய வேண்டியது, தம் புராசசர் 32 பிட்டா 64 பிட்டா என்பதாகும். 2008இல் வந்த என்270 வகை 32 பிட் மட்டுமே. 2010இல் வந்த என்450 வகை 64 பிட்டையும் ஏற்கும். மாறான லினக்ஸைப் போட்டால், இப்புராசசருக்கு இது பொருந்தாது என்ற செய்தியோடு கணினி நின்றுவிடும். அஞ்ச வேண்டாம், எதுவும் கெட்டுவிடவில்லை. அடுத்து, திரைக்காட்சிப் பகுதியைக் கவனிக்க வேண்டும். ஜிஎம்ஏ 950 எனில் லினக்ஸ் நன்கு இயங்கும். ஜிஎம்ஏ 500, ஜிஎம்ஏ 3600 ஆகியவற்றுக்கு லினக்ஸில் ஆதரவு குறைவு. புராசசருக்காகச் செய்யும் முயற்சியெல்லாம் அங்கே வீணாகும்.

லினக்ஸைப் பென்டிரைவில் இட்டு, வன்தட்டைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். கணினியைத் திறந்தவுடன் எஸ்கேப், எப்2, எப்12 ஆகியவற்றுள் அந்தந்த மாதிரிக்கு உரிய விசையை அழுத்தி, பென்டிரைவிலிருந்து தொடங்கச் செய்ய வேண்டும். நிறுவுக என்னும் தெரிவைத் தொடாதவரை பிள்ளைகளின் படங்களும் கடிதங்களும் அப்படியே இருக்கும். எனினும் அவற்றை முன்னரே வேறிடத்தில் படியெடுத்து வைப்பது அறிவுடைமை. பொதுவான லினக்ஸையும் தனித்து ஆக்கியதையும் ஒப்பிடுவோர், இரண்டையும் ஒரே பென்டிரைவிலிருந்து இயக்கி, கடிகாரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். வேறு பென்டிரைவெனில் அதன் வேகத்தையே கெர்னலின் வேகமென்று மயங்க நேரும். கெர்னலை நெட்புக்கிலேயே ஆக்க முனைவோர் ஓர் இரவு முழுதும் காத்திருக்க வேண்டி வரலாம். வேறு கணினியில் ஆக்கிக் கொண்டுவருவதே எளிது. பழைய கெர்னலை நீக்காமல் வைத்திருந்தால், புதியது இயங்காதபோது அதற்குத் திரும்பலாம்.

என்270 கணினிகளுள் பலவற்றில் நினைவகத்தை இரண்டு கிகாபைட்டாக உயர்த்தவும், வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தவும் இயலும். இவ்விரண்டும் தரும் விரைவைக் கெர்னல் மாற்றம் தராது. 32 பிட் கணினிக்கு, டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்டு 2023இல் வெளிவந்த ஆன்டிஎக்ஸ் 23 போன்ற எடை குறைந்த லினக்ஸ் ஏற்றது. அதில் தமிழ் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகள் கட்டுரை எழுதலாம்.

ஆயினும் 32 பிட் கணினிகளுக்கு வழி குறுகி வருகின்றது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அவற்றுக்கான கெர்னலும் நிறுவியும் இல்லை. கூகள் குரோம் 2016இலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. பயர்பாக்ஸ் 2025இன் 144ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. பயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பாகிய 140க்கு 2026 செப்டம்பர் வரையிலேனும் திருத்தங்கள் தரப்படும் என மொசில்லா அறிவித்தது. உலாவிக்குத் திருத்தம் நின்ற பிறகு அந்நெட்புக்கில் கட்டுரை எழுதலாம், கணக்குப் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறத்தலாகாது.