கதையில் அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை?

ஒவ்வொரு வருடமும் கொழும்பு சர்வதேச புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு சென்று, பை நிறையக் கதைப் புத்தகங்களுடன் திரும்பும் குடும்பங்கள் எம்மில் ஏராளம். அந்தப் பைக்குள் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையோ, காது கேளாத பிள்ளையோ வரும் கதை ஒன்றாவது இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி எமது நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதாவது ஒன்றில் சிரமத்துடன் வாழ்கிறார்கள். வீட்டிலும் வகுப்பிலும் இருப்பவர்கள் கதைகளில் மட்டும் இல்லை.

எனது சகோதரியின் மகள் செவிப்புலன் கருவி அணிபவள். அவளைக் காணும் பெரியவர்கள் "பாவம் புள்ள" என்பார்கள். சிறுவர்களோ "அது என்ன?" என்று நேராகக் கேட்பார்கள். அவளுக்குச் சிறுவர்களின் கேள்விதான் பிடிக்கும். கழற்றியே காட்டுவாள். இந்தப் "பாவம்" சிறுவர்களுக்குப் பிறவியில் வருவதல்ல. நாம் கற்றுக் கொடுப்பது. பல கதைப் புத்தகங்களும் அதையேதான் கற்றுக் கொடுக்கின்றன.

ஆகவே ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் கடைசிப் பக்கங்களைத்தான் பார்ப்பேன். யொஹானா ஸ்பைரியின் 'ஹைடி' 140 வருடங்களுக்கு மேலாக உலகெங்கும் வாசிக்கப்படும் கதை. அதில் சக்கர நாற்காலியில் இருக்கும் கிளாரா, மலைக்காற்றில் தேறி இறுதியில் எழுந்து நடக்கிறாள். நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருபோதும் எழுந்து நடக்க முடியாத பிள்ளை அதை வாசித்தால் என்ன நினைக்கும்? குணமானால்தான் கதை சுபமாக முடியும் என்றுதானே.

இதற்கு மாறானவையும் உண்டு. தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறுவர் நூல்களை வெளியிடும் சென்னையின் தூலிகா பதிப்பகத்தின் 'கண்ணா பன்னா'வில், குகைக்குள் வெளிச்சம் போய் எல்லோரும் தடுமாறும்போது பார்வையற்ற சிறுவன் வழிகாட்டுகிறான். அதே பதிப்பகத்தின் 'கேட்ச் தட் கெட்' இன்னும் ஒரு படி மேல் என்பேன். சக்கர நாற்காலியில் திரியும் அந்தச் சிறுமி, காணாமற்போன பூனையைத் தேடும் ஒரு குறும்புக்காரி, அவ்வளவுதான். அவள் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. ஆங்கிலம் வாசிக்கும் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு செசி பெல்லின் 'எல் டெஃபோ' இருக்கிறது. நான்கு வயதில் கேட்கும் திறனை இழந்த அவர், தன் சிறுவயதைச் சித்திரக் கதையாக வரைந்திருக்கிறார். பாத்திரங்கள் எல்லாம் நீண்ட காதுள்ள முயல்கள்!

எமது மார்க்க வரலாற்றிலும் இத்தகைய ஒருவர் இருக்கிறார். பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களைப் பற்றி மத்ரஸாவிலும் அஹதிய்யாவிலும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பெரும்பாலும் ஸூரா அபஸ அருளப்பட்ட சம்பவத்தோடு நிறுத்திக் கொள்கிறோம். அவர் பிலால் (ரழி) அவர்களோடு நபிகளாரின் முஅத்தினாகவும் இருந்தவர். நபியவர்கள் (ஸல்) வெளியூர் சென்றபோது மதீனாவில் அவர்களது பிரதிநிதியாகவும் பொறுப்பேற்றவர். ஸஹீஹுல் புகாரியில் ஒரு சிறு தகவல் வருகிறது. விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்ன பிறகே அவர் பஜ்ர் அதான் சொல்வாராம். அவருக்குப் பார்வை இல்லை என்பதற்காகப் பொறுப்பு வேறு யாருக்கும் போகவில்லை. நேரத்தைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள், அதான் சொல்ல அவர் இருந்தார். படக்கதையாக வரைவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எமது எழுத்தாளர்களும் ஓவியர்களும் யோசிக்கலாம்.

கடையில் நின்று புரட்டும்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளை கதையில் வாய் திறந்து பேசுகிறதா, அல்லது மற்றவர்கள்தான் அதைப் பற்றிப் பேசுகிறார்களா? குருடன், செவிடன், நொண்டி போன்ற சொற்கள் கதை சொல்பவரின் வாயிலேயே வருகின்றனவா? வந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

வாசித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன படித்தாய்?" என்று கேட்காதீர்கள். பிள்ளை தானாகக் கேட்கும். இறக்குமதி நூல்களின் விலை இன்று எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஆளுக்கொன்று வாங்கி மாற்றிக் கொள்ளலாம். பாடசாலை நூலகத்துக்கு இரண்டு மூன்று தலைப்புகளை எழுதிக் கொடுத்தும் கேட்டுப் பார்க்கலாம்.