அப்டேட் வந்தாலும் அழியாத திருத்தம்

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பைலை உங்கள் வசதிக்குத் திருத்தி வைத்திருப்பீர்கள். அடுத்த அப்டேட்டில் அந்தத் திருத்தம் காணாமல் போய்விடும். எனக்கும் இப்படி நடந்தது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் என் நண்பர் ஒருவர் ஊர்க்காரர்களுக்கு மனு டைப் செய்து தருகிறார். தமிழ் கீபோர்டிலேயே ரூபாய்க் குறி வேண்டும் என்றார். (அக்குறியை வடிவமைத்த உதயகுமார் எங்கள் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். 2010 ஜூலையில் மத்திய அரசு அதை ஏற்றது.) தமிழ்99 கீபோர்டுக்கான பைலில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அப்டேட் ஆனதும் குறி வரவில்லை. எந்த வரியை எங்கே சேர்த்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. மனுவுக்கு ஆட்கள் காத்திருக்க, மறுபடி மலையேறினேன்.

காரணம் எளிது. அப்டேட்டின்போது புதிய பேக்கேஜில் உள்ள பைல், பழைய பைலின் மேல் எழுதப்படுகிறது. நம் திருத்தமும் சேர்ந்து அழிகிறது.

இதற்குத் தீர்வு 'பேட்ச்'. எந்த வரி நீங்கியது, எந்த வரி சேர்ந்தது என்பதை மைனஸ், பிளஸ் குறிகளால் காட்டும் சிறிய டெக்ஸ்ட் பைல் இது. இதைப் பராமரிக்க, லினஸ் டார்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்' என்ற இலவச புரோகிராம் உதவும்.

1. தனி போல்டர் ஒன்றில் 'கிட் இனிட்' கட்டளை கொடுங்கள். திருத்தாத பைலை அதில் காப்பி செய்து 'கமிட்' செய்யுங்கள். இந்தக் கிளைக்கு 'மூலம்' என்று பெயரிடுங்கள்.

2. அதிலிருந்து 'எனது' என்று இன்னொரு கிளை தொடங்குங்கள். அங்கே திருத்தம் செய்து, ஏன் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதி கமிட் செய்யுங்கள்.

3. அப்டேட் வந்ததும் புதிய பைலை 'மூலம்' கிளையில் கமிட் செய்யுங்கள். பிறகு 'எனது' கிளைக்கு வந்து 'மெர்ஜ்' கொடுங்கள். இரண்டும் இணைந்த பைலை அட்மின் அனுமதியுடன் பழைய இடத்தில் வையுங்கள்.

ஒரே வரியை இருதரப்பும் மாற்றியிருந்தால் கிட் நின்றுவிடும். சிக்கல் உள்ள இடத்தையும் காட்டும். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரு கிளைகளுக்கும் 'கிட் டிஃப்' கொடுத்தால் பேட்ச் கிடைக்கும். என்னுடையது சில வரிகள்தான். பென் டிரைவில் போட்டு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். போன அப்டேட்டின்போது அவரே சரிசெய்துகொண்டார்; நான் மலையேறவில்லை.

உங்கள் திருத்தம் எல்லோருக்கும் பயன்படும் என்றால், பேட்சை அந்த புரோகிராமை உருவாக்கியவர்களுக்கே அனுப்புங்கள். அவர்கள் சேர்த்துக்கொண்டால் பிறகு உங்களுக்கு பேட்சே தேவையில்லை!